சனிக்கிழமைக்கு இரண்டு அல்பாக்கா

பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீடு, வயது ஏறினால் பிறந்தநாள் என்று இனி எந்த விழாவுக்கும் போவதில்லை என சிறீஸ்கந்தராசா தீர்மானித்தார். வயது ஐம்பத்தாறு. ஐந்து நாள் தொழிற்சாலையில் நிற்கிறார். ஆறாம் நாளும் கோட்டு மாட்டி, மண்டபத்தில் பசியோடு மூன்று மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டும். இதுவும் ஒரு வாழ்க்கையா என்று தன்னையே கேட்டார். பதிலாக அல்பாக்கா வந்தது.

டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகர எல்லையில் இருந்த வீட்டின் பின்வளவில் இரண்டை இறக்கிவிட்டு, மனைவி ஞானேஸ்வரி வேலையால் வரும்வரை காத்திருந்தார்.

"என்னப்பா இது, கழுத்து நீண்ட செம்மறியோ?"

"ஒட்டகத்தின்ரை இனம். அல்பாக்கா. புல்லுத் தின்னும். வருசத்துக்கு ஒருக்கா மயிர் வெட்டினால் போதும்."

"கடிக்குமோ?"

"கோவம் வந்தால் துப்பும்."

"உங்கடை அக்காவைப் போல."

அவர் அதைக் காதில் விழுத்தவில்லை. "ஒண்டுதான் இடைஞ்சல். தனிய விட்டிட்டுப் போகேலாது. இனிச் சனிக்கிழமையளிலை நான் வீட்டிலை நிக்கவேணும். நீர் போயிட்டு வாரும்."

ஞானேஸ்வரி கைபேசியை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள்.

"கூட்டமாய் வாழுற சீவனாம். துணைக்கு இன்னொரு அல்பாக்கா வேணுமாம். மனுசர் வேணுமெண்டு எழுதேல்லை. ஏன் ரெண்டு வாங்கினனீங்கள்?"

"ஒண்டைத் தனிய விக்கமாட்டம் எண்டிட்டாங்கள்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். "எண்டாலும், நான் இல்லாட்டி ஏங்கி முனகுமெல்லே?"

"சும்மா நிண்டாலும் முனகுமாம்." கைபேசியைத் தாழ்த்தினாள். "அல்பாக்கா தனிய இருக்கேலாதெண்டு விளங்குது. மண்டபத்திலை பக்கத்திலை வெறுங் கதிரையோடை நான் தனிய இருக்கிறது விளங்கேல்லை, என்ன?"

நான் அவ்வளவு பொல்லாதவனா? அவர் மனம் குறுகிப்போனார்.

"சரியப்பா. வாற சனி மட்டும் வாறன்."

"வரத்தானே வேணும். பிரெடெரிசியாவிலை தங்கச்சி விமலராணியின்ரை மகளுக்குச் சாமத்தியவீடு. இப்பதான் எல்லாருக்கும் இதுகளின்ரை படம் அனுப்பினன். பெட்டை குதிரை வண்டில் வேண்டாமாம். அல்பாக்காவோடைதான் மண்டபத்துக்குள்ளை வருவாளாம்."

"ஆர் கயிறு பிடிக்கிறது?"

"அதுகளுக்குத் தெரிஞ்ச முகம் நீங்கள் ஒராள்தானே."

கைபேசி திரும்பத் திரும்பக் கிணுகிணுத்தது. சிநேகிதி மேரிகிறேஸ் பேரனின் பிறந்தநாளுக்கு அல்பாக்காக்களைக் கேட்டிருந்தாள். இன்னொரு சிநேகிதி தவமலர் மகளின் கலியாணத்துக்கு.

"ஒக்டோபர் வரைக்கும் ஒரு சனியும் மிச்சமில்லை," என்றாள் ஞானேஸ்வரி, அவர் தலையைச் சாணால் அளந்தபடி. "மூண்டு பேருக்கும் ஒரே நிறத்திலை தலைப்பாகை தைப்பம்."