தண்ணீர்மலையில் நிறுத்திய தண்ணி

பத்து காவான் ஊரில் நலமாகவும் தாகமாகவும் இருக்கும் லோகேஸ்வரன் மாமாவுக்கு, ஜார்ஜ்டவுனிலிருந்து மருமகள் நித்யா பணிவோடு (கொஞ்சம்தான்) எழுதுவது. வாட்ஸ்அப்பில் போட்டால் அத்தை குடும்பக் குழுவுக்குத் தள்ளிவிடுவார், அதனால் கடிதம்.

தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் அப்பா சுத்தமாக இருப்பதும், காவடி இறங்கியதும் நீங்கள் போத்தலோடு வந்து விரதம் முடித்து வைப்பதும் நம் குடும்ப மரபு. அளவோடுதான் குடிக்கிறேன் என்பார் அப்பா, அந்த அளவு போத்தலின் அளவு. இந்த வருஷம் பூசத்துக்கு முன்பே டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, ஈரலில் கொழுப்பு ஏறிவிட்டது, இப்படியே போனால் இறுகிவிடும், அப்புறம் திரும்பாது என்றார். அப்பா "பார்க்கலாம் லா" என்றார். நான் பார்க்கவில்லை, செய்தேன். தண்ணீர்மலைக் கோயிலில் காவடி இறக்கியதும், அவருடைய துறைமுகத்துக் கூட்டாளிகள் அத்தனை பேர் முன்னாலும், அப்பா பங்குனி உத்திரத்துக்கும் காவடி எடுப்பார் என்று சத்தமாக நேர்ந்துகொண்டேன்.

"யாருடி உன்னைக் கேட்டா?"

"முருகன் கேட்டுட்டாருப்பா. இனிமே கேன்சல் பண்ண முடியாது."

பங்குனி முடியும் முன் என் கணக்குப் பரீட்சைக்காகச் சித்திரைக்கு ஒரு காவடி நேர்ந்தேன், அப்புறம் அம்மாவின் முட்டிவலிக்காக வைகாசி விசாகம், பூனை வீடு திரும்பியதற்காக ஆடிக் கிருத்திகை. விரதம் முடிய விட்டால்தானே! இப்போது அப்பாவின் குறட்டை நின்றுவிட்டது, அம்மாவுக்குத்தான் தூக்கம் வரவில்லை. காலையில் கை நடுங்குவதில்லை, நெஞ்செரிச்சல் இல்லை, காற்சட்டை மட்டும் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. கோயில் படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தவர் இப்போது என்னை முந்துகிறார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், பெயர் சரிதானா என்று கேட்டார். "கார்த்திகேசுதான், என் அப்பாதான்" என்று கிளினிக்கே கேட்கும்படி சொன்னேன். இந்தத் திட்டம் முழுக்க என் மூளை, இது திட்டம் என்றே அப்பாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கிருத்திகைக் காவடி இறங்கியதும் போத்தலோடு வந்து கெடுத்துவிடாதீர்கள். இளநீர் போதும்.

அத்தைக்கு வணக்கம், உங்கள் ஈரலுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

நித்யா

பி.கு.: மச்சான், உறையின் பசை காயும் முன்பே இதைத் தபாலில் போடச் சொல்லி மகள் என்னிடமே கொடுத்துவிட்டாள். பிள்ளை நேர்ந்தது உன்னைக் கட்டுப்படுத்தாது என்று கோயில் ஐயர் பங்குனியிலேயே சொல்லிவிட்டார். அந்த ஸ்கேன் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத்தான் பயம். நிறுத்திவிட்டேன் என்று கூட்டாளிகளிடம் சொல்ல வெட்கம், மகள் நேர்ந்துவிட்டாள் என்றால் எவனும் ஊற்றுவதில்லை. அவளிடம் மூச்சு விடாதே. காலண்டரில் கந்த சஷ்டிப் பக்கத்தைத் திறந்து அவள் மேசையில் வைத்திருக்கிறேன்.

கார்த்திகேசு