இல்லாததுக்கும் ஓர் இடம்

“இல்லாததுக்கும் ஒரு எடம் வுடணும்க்கா.”

வேலியோரம் என் மனைவி செந்தமிழ்ச்செல்வி பக்கத்து வீட்டுப் பூமாலையிடம் சொன்னது காதில் விழுந்தது. பேயைச் சொல்கிறாளோ என்று நட்ட நடுப்பகலில் முதுகு சில்லிட்டது.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீட்டு மறியல் முடிந்து இரண்டு நாள். வெட்டிப்போட்ட மரங்கள் இன்னும் ரோட்டில். கச்சிராயபாளையத்தில் பஸ் சத்தமே இல்லை. கல்வராயன் மலையே இறங்கி வந்து வாசலில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போல ஓர் அமைதி.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் செல்விக்குப் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. அவள் பெயிலான ஒரே பாடம். பாஸானால் டீச்சர் டிரெயினிங் போய்விடுவாள். அப்புறம் என் காபி?

நான் கணக்கு வாத்தியார். காலையிலேயே வீட்டுக் கரும்பலகையில் எழுதிவைத்தேன்: x³ − 7x + 9-ஐ x − 2-ஆல் வகு.

“சரியான மீதியச் சொல்லு, சைக்கிள்ல நானே கூட்டிக்கினு போறேன்.”

என் நோட்டில் நீள்வகுத்தல் போட்டு −1 என்று வைத்திருந்தேன். அவளுக்கு வகுத்தல் வராது.

செல்வி ஆட்டுக்கல்லுக்குத் திரும்பியபின் நானும் வேலியிலிருந்து உள்ளே வந்தேன். பலகையில் ‘3’. படிகள் இல்லை. வீட்டிலிருந்த ஒரே சாக்பீஸ் என் சட்டைப்பையில்.

“இத யாரு எழுதனது?”

“எனக்கு இன்னாங்க தெரியும்? மாவாட்டிக்கினு இருக்கேன்.”

அழித்தேன். 9-ஐ 10 ஆக்கினேன். கொல்லைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். ‘4’.

படி போடாமல் விடை எழுதுவது மனுஷ வேலையா? இந்த வீட்டில் முன்பு இருந்தவரும் கணக்கு வாத்தியார்தான். செத்துப்போனவர்.

சாப்பிட உட்கார்ந்தேன். மூன்று இலை.

“மூணாவது யாருக்கு?”

“இல்லாதவருக்கு.”

“அ... அவரு இன்னா கேக்கறாரு?”

“ஒங்க கணக்குல அவருக்கு எடம் வுடலையாம்.”

எழுந்து ஓடி நோட்டைப் பிரித்தேன். x³. பக்கத்திலேயே −7x. நடுவில் x² இல்லை. இல்லாத அதற்குச் சுழி போட்டு இடம் விட மறந்திருந்தேன். இடம் விட்டு மறுபடி வகுத்தேன். மீதி 3.

விரலால் பலகையைத் தொட்டேன். ஈரம். மோந்தேன். உளுந்து.

“செல்வி! நீயா? வகுத்தல் எங்க?”

“எதுக்கு வகுக்கணும்? எக்ஸுக்கு ரெண்டப் போட்டேன். எட்டுல பதினாலு போய் ஒம்பது சேத்தா மூணு. நீங்க ஒண்ணு ஜாஸ்தி பண்ணீங்க, நாலு. ஒங்க நோட்டையும் பாத்தேன், பாவமா இருந்துச்சு.”

“அது வந்து...”

“கணக்குல மீதிய நான் சொல்லிட்டேன். மீதிய நீங்க பாருங்க.”

மறுநாள் கள்ளக்குறிச்சி போகிற வழியில் பதினோரு புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பதினோரு தடவையும் சைக்கிளைத் தோளில் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன்.