குவாண்டம் காப்பு

அரங்கில் நிற்கக்கூட இடமில்லை. முட்டுவலிக்காரர்கள், மூச்சிரைப்புக்காரர்கள், வேலை கிடைக்காதவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையில் குவாண்டம் வைத்தியர். பின்னால் திரையில், தலைமுடியைவிட மெல்லிய குறைகடத்திக் கம்பியின் படம். அதை எந்த ஆய்வுக்கூடத்திலிருந்து சுட்டாரோ, அங்கே வேலை பார்க்கும் பெண்ணே கூட்டத்தில் இருந்தாள். வைத்தியர் பாஷையில் சொன்னால், நேரம் சரியில்லை.

அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை. அவளுடைய அக்கா புருஷன், இந்த வைத்தியர் விற்கும் காப்பைக் கையில் மாட்டியதிலிருந்து இன்சுலினை நிறுத்திவிட்டார். கால் புண் கறுத்துக்கொண்டு வருகிறது. அக்கா அழுது பார்த்துவிட்டாள். மனுஷன் முதல் வரிசையில் பரவசமாக உட்கார்ந்திருந்தார்.

"காப்புக்குள்ள நானோ கம்பி இருக்கு. காந்தப்புலம் அதுல ஓடுற எலக்ட்ரானைத் திருப்பும். அது உங்க ரத்தத்தையே திருப்பும்," என்றார் வைத்தியர். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

பிறகு செய்முறை. அத்தானை மேடையேற்றி, நீட்டிய கையை அழுத்தினார். கை தொங்கியது. காப்பை மாட்டி அழுத்தினார். அசையவில்லை.

அவள் எழுந்தாள். "எலக்ட்ரான் திரும்புறது நிஜம்தாங்க. ஆனா கம்பியை உறைய வெச்சு, பெரிய காந்தத்துக்கு நடுவுல வெச்சாத்தான் எங்களுக்குத் துளியாவது தெரியும். சூடு பட்டா கலைஞ்சிடும். உங்களுக்கு வேர்த்த கையிலயே தெரியுதா?"

"நம்பினா தெரியும்மா."

"அப்ப மறைச்சு வெச்சுப் பார்ப்போம். எங்க வேலையில, அளக்குறவருக்கே எது எதுன்னு சொல்ல மாட்டோம்."

கூட்டத்திலிருந்த ஒரு தையல்காரர் வைத்தியருக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு துணிப்பையில் காப்பையும் இன்னொன்றில் யாரோ கொடுத்த இரும்பு வாஷரையும் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

முதல் பையைக் கட்டி வைத்தியர் அழுத்தியதும் அத்தானின் கை தொங்கியது. "இது வெத்துப் பை," என்றார் வைத்தியர். இரண்டாவதற்குக் கை கம்பமாக நின்றது. "இதுதான் குவாண்டம்." பலத்த கைதட்டல்.

தையல்காரர் பைகளின் தையலில் கத்தரியை வைத்தார். முதல் பையில் காப்பு இருந்தது. இரண்டாவதிலிருந்து வாஷர் உருண்டு விழுந்தது.

"சந்தேகக்காரங்க இருந்தா அலை கெட்டுடும்," என்றார் வைத்தியர்.

"வாஷருக்கு மட்டும் கெடலையே," என்றார் தையல்காரர். அரங்கு சிரித்தது.

"அத்தான், அழுத்துற கை அவரோடது. எதுக்கு லேசா, எதுக்கு பலமான்னு அவர்தான் முடிவு பண்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வாங்க."

அவர் தன் காலைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "உங்க அக்காவையும் வரச் சொல்லும்மா," என்றார்.

வாசலில் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அம்மா, அந்த வாஷர் எந்தக் கடையில கிடைக்கும்? நல்லா வேலை செய்யுதே."

ஐயா, கழுத்துக்கு மேலே ஒன்று சும்மா கிடக்கிறதே, முதலில் அதற்கு வேலை கொடுங்கள்.