மேனேஜர் சுகம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். மேற்படி நலத்தில் நீங்கள் எங்களிடம் விட்டுப்போன தங்கமீன் மேனேஜரும் அடக்கம் என்பதால் பதறாமல் மேலே படிக்கலாம். பேரனைக் கொஞ்சப் போன இடத்தில் உங்களைக் கலங்கடிக்க வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவீர்கள். கடிதம் என்றால் கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீங்கள் போன மூன்றாம் நாள் மாலை நான் அழைத்து, மேனேஜர் பிரமாதமாக இருக்கிறார் என்று சொன்னேன் அல்லவா? மறுநாள் காலை பார்த்தால் ஃபில்டர் அசைவில்லாமல் கிடக்கிறது, மேனேஜர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். எட்டு வருடம் நீங்கள் கண்ணும் கருத்துமாக வளர்த்த மீன் என் பொறுப்பில் நாலே நாளில் போய்விட்டால், பெண்ணைக் கொடுத்த வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வந்து நிற்பேன்? கையோடு ஃபில்டரைக் கழற்றி, உள்ளே கறுத்துக் கிடந்த பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு, வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரப் பெண் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டாள். அதைப் பொறுத்துத்தான் ஃபில்டராம், தொட்டித் தண்ணீர் மொத்தமும் மணிக்கு நாலைந்து தடவை அதற்குள் போய் வர வேண்டுமாம். நீள அகல உயரம் சொன்னால் போதும் என்றாள். முப்பத்திரண்டு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவனிடமா உத்தேசக் கணக்கு? வீட்டுக்கு வந்து, மேனேஜரைப் பெரிய பாத்திரத்தில் விட்டு, ஒரு லிட்டர் குவளையால் தண்ணீரை வாளிகளுக்கு மொண்டு மாற்றினேன். நாற்பத்தொன்றில் வாசல் மணி அடித்து எண்ணிக்கை தவறிவிட்டது. எல்லாவற்றையும் திரும்ப ஊற்றி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அறுபத்திரண்டே கால். அதற்குள் என் மனைவி பழக்கதோஷத்தில் பாத்திரத்தை மூடி போட்டு அடுப்பில் ஏற்றியிருந்தாள், நல்லவேளை, பற்றவைக்கவில்லை.

இத்தனை துல்லியமாக அளந்துவிட்டு, சம்பந்தி வீட்டு விஷயத்தில் குறை வைக்கக் கூடாதென்று முந்நூறு லிட்டருக்கான ஃபில்டரை வாங்கி வந்தேன். போட்டதும் மேனேஜர் துணி துவைக்கும் இயந்திரத்தில் விழுந்த கைக்குட்டையாகச் சுற்றினார். திரும்ப ஓடினேன்.

"மீன் இருக்கறது தொட்டியில ஐயா, வெள்ளத்துல இல்ல," என்றாள் அந்தப் பெண். சாதுவாகக் குமிழி விடும் பஞ்சு ஃபில்டர் ஒன்றைக் கையில் கொடுத்து, "பழைய பஞ்சையும் பக்கத்துலயே போடுங்க. அதுல இருக்கற அழுக்குதான் தண்ணியச் சுத்தம் பண்ணுது," என்றாள்.

அதைத்தான் நான் குப்பையில் போட்டாயிற்றே! வீட்டுக்கு வந்தால், அந்தப் பஞ்சை என் மனைவி எதற்காவது ஆகும் என்று ஈரம் காயாமல் எடுத்து வைத்திருக்கிறாள். எதையும் தூக்கிப்போட விடமாட்டாள் என்று இத்தனை வருடம் அவளைக் குறை சொன்னதை அன்று வாபஸ் வாங்கினேன்.

பத்து நாள் ஆகிறது. மேனேஜர் நன்றாகச் சாப்பிடுகிறார், கண்ணாடியோரம் வந்து என்னை மேலும் கீழும் பார்க்கிறார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசி, பேரனுக்கு ஆளுக்கொரு கன்னத்தில் முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றிய
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் என் மனைவி உங்கள் பழைய ஃபில்டரை வாளித் தண்ணீரில் போட்டு, பிளக்கைச் செருகிக் காட்டினாள். ஜோராக ஓடுகிறது. நான் எழுதாவிட்டால் சம்பந்தியம்மாவிடம் தானே சொல்லிவிடுவாளாம், அதனால் எழுதுகிறேன். மேனேஜர் சுகம் என்று உங்களிடம் சொல்வதற்காக அன்று மாலை என் போனுக்குச் சார்ஜ் போட்டேன் பாருங்கள், அதற்காக நான் பிடுங்கியது இந்த பிளக்கைத்தான்.