கிணற்றடியில் ஒரு பொதுக்கூட்டம்

கையில் வந்த வழக்கைத் தானே கெடுத்துக்கொண்டு சாவகச்சேரியில் சட்டத்தொழில் செய்தவர் ஒருவர்தான். அவர்தான் எங்கள் வக்கீல், ஊர்வாயில் கொம்பனிப் பிறக்கிராசியார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் கொழும்புச் சட்டக் கந்தோர் ஒன்று எங்களூரில் கிளை திறந்து, கம்பனிச் சட்டத்திலேயே தலை நரைத்த அவரைப் பொறுப்பாக அனுப்பியது. நான் கிளாக்கர். கம்பனி எதுவும் வரவில்லை. வேலிச் சண்டைதான் வந்தது. மனிதர் அசரவில்லை, எல்லாவற்றையும் கம்பனியாகவே பார்த்தார். பக்கத்து வளவு ஆடு வாழையைத் தின்றதென்று வந்த பெண்ணிடம், "ஆட்டிலை எத்தினை பேருக்குப் பங்கு?" என்று விசாரித்தார்.

"பிடிச்சு வெட்டினால் ஆறு பேருக்குக் காணும், ஐயா," என்றாள் அவள்.

ஒருநாள் கந்தையர் என்ற தோட்டக்காரர் வந்தார். கிணறு அவருக்கும் தம்பி செல்லையருக்கும் பொது. ஆளுக்கொரு நாள் இறைப்பு முறை. ஆள் ஏறி மிதிக்கும் துலா அண்ணனுடையது, தண்ணீர் அள்ளும் பட்டையும் அதன் கயிறும் தம்பியுடையவை. ஆறு வருடமாகக் கதைபேச்சு இல்லை. தன் முறையில் அண்ணன் இறைத்துவிட்டாரென்று தம்பி கயிற்றையும் பட்டையையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இரண்டு பேரின் புகையிலையும் வாடிக் கிடந்தது.

"வழக்குத் தவணைக்கு மூண்டு மாதம் செல்லும்," என்றேன் நான்.

"மூண்டு நாள் தாங்காது, தம்பி," என்றார் கந்தையர். அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்ப பங்காளர் கூட்டம் கூட்டுவம்," என்றார் பிறக்கிராசியார். ஏழு நாள் முன்னறிவித்தல் தேவை என்றவர், தோட்டத்தைப் பார்த்ததும் அதை ஏழு மணித்தியாலமாகக் குறைத்தார்.

கிணற்றடிக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டு, நடுவில் கதிரை போட்டு, கோட்டோடு தலைவராக அமர்ந்து, மணி அடித்தார். "ஆளோடை ஆள் கதைக்கப்படாது. தலைவரோடைதான் கதைக்கவேணும்."

கதைபேச்சில்லாத சகோதரர்களுக்கு இதைவிட வசதியான சட்டம் ஏது?

"என்ரை முறையிலை ஏன் இறைச்சவர் எண்டு உவரைக் கேளுங்கோ, ஐயா," என்றார் செல்லையர்.

"அண்டைக்கு உவர் சந்நிதிக் கோயிலுக்குப் போயிட்டார். உவரின்ரை புகையிலைக் கண்டு வாடினதைப் பாக்கேலாமல் உவருக்குத்தான் இறைச்சனான் எண்டு சொல்லுங்கோ," என்றார் கந்தையர்.

செல்லையர் தலைவர் பக்கம் திரும்பினார். "அதை அப்பவே சொல்லியிருக்கலாமே எண்டு கேளுங்கோ."

"கதைபேச்சில்லாத ஆளுக்கு என்னெண்டு சொல்லுறது எண்டு கேளுங்கோ."

செல்லையர் எழும்பிப் போனார். கூட்டம் குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். கயிறும் பட்டையுமாகத் திரும்பி வந்தார்.

"அண்ணை, உங்களுக்குக் கால் ஏலாது. துலாவிலை நான் ஏறுறன்."

பிறக்கிராசியார் மணியை அடித்தார். "தலைவரோடை கதையும்." யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி துலா மிதிக்க, அண்ணன் இறைத்தார். வாய்க்காலில் தண்ணீர் மாற்றிவிட ஆளில்லை. நான் குறிப்புப் புத்தகத்தை வைத்துவிட்டு எழும்புவதற்குள் கோட்டைக் கழற்றிவிட்டு மண்வெட்டியோடு இறங்கிவிட்டார் அந்த மனிதர். இறங்கியவர் வரம்பை வெட்டி, ஒரு பாத்தியை முழுக்க வெள்ளக்காடாக்கினார். சகோதரர்கள் இருவரும் ஒரே குரலில் அவரை ஏசினார்கள்.

முழங்கால் சேற்றில் நின்று ஏச்சு வாங்கிச் சிரித்த அந்த முகத்தைப் பார்த்தேன். அதன் பிறகு எத்தனையோ பேரை ஐயா என்று கூப்பிட்டிருக்கிறேன். மனம் நிறைந்து கூப்பிட்டது அவரை மட்டுந்தான்.