ஃபெம்டோ சாரின் எக்ஸ்ரே

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனிலேயே ஒரு வினாடியைப் பார்த்து ‘ரொம்ப நீளம்’ என்று அலுத்துக்கொண்ட ஒரே ஜீவன் எங்கள் ஃபெம்டோ சார்தான்.

கடலூர் ரோட்டில் இருக்கும் எங்கள் கல்லூரியில் அவரும் நானும் இயற்பியல் வாத்தியார்கள். ஒரு வினாடியைக் கோடித் துண்டாக நறுக்கி, அதில் ஒரு துண்டை மறுபடி பத்துக் கோடியாக நறுக்கினால் ஒரு ஃபெம்டோ வினாடி. பாய்ந்து வரும் எலெக்ட்ரான் கற்றைமேல் லேசர் ஒளியை எதிரே மோதவிட்டு, சில ஃபெம்டோ வினாடிகளே நீடிக்கும் எக்ஸ்ரே துடிப்பை உண்டாக்குவதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதனால்தான் மாணவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள்.

எனக்கு இதை விளக்குகிறேன் என்று ஒருநாள் கிருமாம்பாக்கம் நிறுத்தத்தில், எதிரே வந்த தனியார் பஸ்மேல் ரப்பர் பந்தை எறிந்தார். பந்து இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பிவந்து என் டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டது.

“பாத்தீங்களா சார்? பந்துதான் லேசர், பஸ்தான் எலெக்ட்ரான். போன வேகம் வேற, வந்த வேகம் வேற!”

கண்டக்டர் குதித்து இறங்கினார். “யோவ், இன்னாயா இது? படிச்சவன்தானே நீ?”

“இன்னும் கொஞ்சம் வேகமா வந்திருக்கலாம்ங்க,” என்றார் ஃபெம்டோ.

அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கரும்பு விவசாயி. எக்ஸ்ரே ஆராய்ச்சி விஷயம் அவர் காதுக்குப் போனது.

“சாரு, நீ வூட்டுக்குள்ள எக்ஸ்ரே வுடறியாமே? மருமவ மாசமா இருக்குது. நாளைக்கே காலி பண்ணு.”

“இங்க எதுவும் விடலைங்க. லேப்டாப்ல கணக்குதான் போடறேன்.”

வீட்டுக்காரர் லேப்டாப்பைத் தூக்கி அடியில் பார்த்தார். ஒன்றும் ஒழுகவில்லை. இருந்தாலும் ஒரு வாரம்தான் அவகாசம் கொடுத்தார்.

அதற்குள் செலியமேட்டிலிருந்து ஒரு பெண்மணி வீங்கிய கையோடு வந்துவிட்டார். “கொஞ்சம் எடுத்துப் பாரு சாரு.” விளக்கிச் சொல்ல ஆரம்பித்த ஃபெம்டோ, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கட்டுப் போடும்வரை கூடவே இருந்தார். அடுத்த நாள் இன்னொருவர். அதற்கடுத்த நாள் இரண்டு பேர். வாரம் முடிந்தது. காலி பண்ணச் சொன்னவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஐந்து வருட விண்ணப்பத்துக்குப் பிறகு, வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் நிஜமாகவே சோதனை செய்ய அவருக்கு ஒரு வாரம் கிடைத்தது. ஆறாவது நாள் போனில் குரல் உடைந்திருந்தது. “ரெண்டு கற்றையும் ஒரே கணத்துல சந்திக்கவே மாட்டேங்குது சார். நாளையோட முடிஞ்சுது.”

ஏழாம் நாள் மதியம் நான் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. “வந்துடுச்சு சார்!” அதற்குமேல் பேச முடியாமல் அழுதார்.

வீட்டுக்காரர் என் போனைப் பிடுங்கினார். “எம்மா நேரம் இருந்துச்சி, சாரு?”

“நீங்க கண்ணு சிமிட்டறதுக்குள்ள கோடி கோடி தடவை வந்து போயிடலாம்ங்க.”

“அம்மாந்தானா? அதுக்கா அஞ்சு வருசம்?”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் கடைத்தெருவுக்கு நடந்தார். ஒரு பெரிய பொட்டலம் ஜிலேபியோடு திரும்பி, வழியில் வந்தவர் போனவருக்கெல்லாம் நீட்டினார். “இன்னா விசேசம்?” என்று கேட்டவர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்:

“எங்க வூட்டுப் புள்ள எக்ஸ்ரே எடுத்துடுச்சிபா!”

நானும் இயற்பியல் வாத்தியார்தான். அதில் ஒரு வார்த்தையைக்கூடத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.