அறிவிப்பு மைக்கும் ஐம்பது பேரும்

அன்பும் பயமும் சரிபாதியாகக் கலந்து, மாமாவுக்கு அக்கா மகள் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் அந்த நலத்தில் சேர்த்தி இல்லை. அங்கே நீங்களும் மாமியும் உங்கள் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நேரில் என்றால் நான் விஷயத்துக்கு வர ஒரு வாரம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். காகிதம் என்னை முறைத்துப் பார்ப்பதில்லை.

முதலில் நான் கவனித்தது ஒரு தும்மலை. நான் பேருந்து நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களை வைத்திருக்கும் அறையில்தானே வேலை பார்க்கிறேன். மேலே அறிவிப்பு அறையில் இருக்கும் அக்கா ஒரு நாள் மைக்கை அணைக்க மறந்து தும்மிவிட்டார். நிலையம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். யாரோ விட்டுப்போன குடையில் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்த என் கை மட்டும் நின்றுவிட்டது. அந்தத் தும்மல் நன்றாக இருந்தது, மாமா. கரகரவென்று, ஓரத்தில் கொஞ்சம் கிழிந்து, நீங்கள் கொடுத்த அமெரிக்க ப்ளூஸ் பாட்டுக் கேசட்டில் மவுத் ஆர்கன் வருமே, அச்சு அசல் அப்படி. ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

நீங்களே வாங்கிக் கொடுத்த மவுத் ஆர்கனுக்கு, போன தடவை வந்தபோது நீங்கள் வைத்த நிபந்தனையை மறந்திருக்க மாட்டீர்கள். "யாரும் கேக்காத வாத்தியம் எதுக்கு? நான் அடுத்த தடவை வர்றதுக்குள்ள ஒரே ஒரு தடவையாவது ஐம்பது பேர் முன்னாடி வாசிச்சிடணும். இல்லைன்னா மவுத் ஆர்கனை வாங்கிட்டுப் போய் என் பொண்ணுக்குக் குடுத்துடுவேன். அவளாவது கிளாஸுக்குப் போறா" என்றீர்கள். அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அன்றும் வாத்தியார் "நின்னுக்கறியா?" என்று கேட்டார், ஆட்டினேன். ஆனால் மவுத் ஆர்கனைக் கொடுக்க எனக்கு மனசே இல்லை. என்னிடமிருந்து சத்தமாக வெளியே வருவது அது ஒன்றுதான்.

நல்லவேளையாக நிலையத்துப் பணியாளர்களின் ஆண்டுக் கூட்டம் வந்தது. அதில் யார் வேண்டுமானாலும் பாடலாம், வாசிக்கலாம். கூட்டத்துக்கு மைக் செட் போடுபவர் கடைத்தெருவில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருப்பவர். எனக்காக அவரிடம் பேச அறிவிப்பு அக்கா போனார். மவுத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்து இரண்டு கைக்குள் இறுகப் பொத்திக்கொண்டு வாசித்தால்தான் அந்தத் தடித்த ஒலி வரும் என்று அக்காவிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் பதறிவிட்டாராம். "என் மைக்கைப் பொத்துறதா? அதுல எச்சில் படுறதா? பாடகருங்களையே ஒரு சாண் தள்ளி நிக்கச் சொல்றவன் நான். சொந்த மைக் இருந்தா கொண்டு வரச் சொல்லுங்க." ஆக, சொந்த மைக் வேண்டும். அது மலிவாகவும் இருக்க வேண்டும்.

அவர் கடைக்கே போனேன். "மைக் பேசுறதுக்கா?" என்றார். தலையாட்டினேன். "கூட்டத்துலயா?" ஆட்டினேன். சட்டையில் குத்திக்கொள்ளும் பொத்தான் அளவு மைக் ஒன்றைக் கொடுத்து, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். எங்கள் அறையில் ஒரு வருடம் கேட்பாரில்லாமல் கிடந்து, விதிப்படி எனக்கு வந்து சேர்ந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் அதை மாட்டி வாசித்தேன். என் மூச்சு கேட்டது, குக்கர் விசில் கேட்டது, மவுத் ஆர்கன் மட்டும் கொசு மாதிரி எங்கோ கேட்டது. அடுத்த வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, "ஏம்மா, நான் ஒரு தடவைதான் இருமறேன், எனக்கு ரெண்டு தடவை கேக்குதே" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டு, கடையில் இருந்ததிலேயே மலிவான, பிள்ளைகள் பாடி விளையாடும் மைக்கை வாங்கி வந்தேன். விளக்கெல்லாம் எரியும். கையை வைத்துப் பொத்தியதும் பக்கவாட்டில் இருந்த பொத்தான் அழுந்தி, ஆயிரம் பேர் கைதட்டும் ஓசை வந்தது. ஒவ்வொரு தடவை சுரத்தை வளைக்கும்போதும் கை இறுகும், கைதட்டல் வரும். சமையலறையிலிருந்து அம்மா, "பாத்தியாடி, எவ்வளவு பேருக்குப் பிடிச்சிருக்கு! இதையே வெச்சுக்க" என்றாள். அந்த ஆயிரம் பேரை உங்கள் ஐம்பதில் சேர்த்துக்கொள்வீர்களா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன், மாமா. சேர்க்க மாட்டீர்கள். அதுவும் போயிற்று. கடைசியில், போன கடிதத்தில் நீங்கள் சொன்னபடியே, "நல்ல க்ளியரா" இருக்கும், பாடகர்கள் பிடிக்கும் மைக்கை எடுத்தேன். மன்னிக்க வேண்டும், அதுதான் மூன்றிலும் மோசம். அதன் தலை ஒரு பந்து அளவு, என் கை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பொத்தினால் விரலிடுக்கு வழியாகக் காற்று ஓடும், பெட்டி ஊளையிடும். ஊளையிடாத நேரத்தில் வந்த ஒலியோ அப்படிச் சுத்தம், ப்ளூஸ் குளித்துத் தலைவாரிப் பவுடர் போட்டு வந்து நிற்பது போல இருந்தது.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அறிவிப்பு அறைக்குப் புது மைக் வந்தது. பழையதை அக்கா ஒரு டப்பாவில் போட்டு என் அறைக்குக் கொண்டு வந்தார். உரிமையாளர் இல்லாத எதுவும் கடைசியில் என்னிடம்தான் வரும். "பதினோரு வருஷம் இதுல கத்தியிருக்கேன், ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரிஞ்சதில்லை. மேலாளர் இதைக் கழிச்சுக் கட்டிட்டார். வேணும்னா நீ எடுத்துக்க" என்றார். தலை வட்டமாக, தட்டையாக, இரண்டு உள்ளங்கைக்குள் எனக்கென்றே அளவெடுத்ததுபோல அடங்கியது. அப்போதுதான் அந்தத் தும்மல் எனக்குப் புரிந்தது. நன்றாக இருந்தது அக்காவின் மூக்கு இல்லை, இந்த மைக். எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அதைச் செத்த எலியைப் போலத் தூக்கிப் பிடித்தார். "இதுவா? இதுல உச்சமும் வராது, அடியும் வராது. நடுவுல மட்டும் கிடந்து கத்தும்." நான் வாய் திறந்தேன், மாமா. "அண்ணே, எனக்கு அந்தக் கத்தல்தான் வேணும். பிளக்கை மாத்தி, ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் மட்டும் வெச்சுக் குடுங்க" என்றேன். முழுசாக இரண்டு வாக்கியம்! அவர் மைக்கைப் பார்ப்பதா என்னைப் பார்ப்பதா என்று திகைத்து, "நீ பேசுவியா?" என்றார். பிறகு மறுபேச்சில்லாமல் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்து, பிளக்கை மாற்றி, குமிழும் பொருத்தி, பழைய மைக்கும் புதுப் பெட்டியும் ஒத்துப்போக நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன டப்பாவும் சேர்த்துக் கொடுத்தார். நான் வாங்கிய மைக்குகளிலேயே மலிவானது, வாங்காத இதுதான்.

கூட்டத்தன்று என் முறை வந்ததும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அக்கா என் முதுகில் கை வைத்து மேடைக்குத் தள்ளினார். நான் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். அப்படி நிற்கக்கூடாது என்று நீங்கள் நிபந்தனையில் சொல்லவில்லை. குமிழைப் பாதிக்குத் திருப்பி, இடுக்கில்லாமல் பொத்தி, ஒரு மூச்சை உள்ளே இழுத்தேன். மாமா, அந்த ஒலி! ஒரு பெரிய வண்டி மேட்டில் ஏறுவது போல வந்தது. பின்னால் ஓட்டுநர்கள் காலால் தரையைத் தட்டத் தொடங்கினார்கள். அவர்கள் கால் பிரேக் மிதித்துப் பழகிய கால், மேடை குலுங்கியது. எப்போது திரும்பினேன் என்று தெரியவில்லை. பார்த்தால் எல்லாருக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், கால அட்டவணையிலிருந்து தலையே தூக்காத மேலாளர் தலையைத் தூக்கி, "இன்னொண்ணு!" என்கிறார். இன்னும் இரண்டு வாசித்தேன். கடைக்காரர் என்னிடம் வந்து, "என்கிட்ட இருக்கிற நல்ல மைக்கையெல்லாம் கெடுத்துத் தர்றியா?" என்று கேட்டார்.

அக்கா தலை எண்ணினார். அறுபத்து மூன்று பேர். தூங்கிக்கொண்டிருந்த இருவரைக் கழித்தாலும் அறுபத்தொன்று. சாட்சிக்கு ஓரத்தில் அவரது கையெழுத்து இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நிபந்தனை ஒரே ஒரு தடவை என்பதுதான். அதை வாசித்துத் தீர்த்துவிட்டேன். மவுத் ஆர்கன் இனி என்னுடையது. ஆகவே இன்றோடு, என் வாழ்நாள் முழுமைக்கும், வேறு எவர் முன்னாலும் நான் வாசிக்கப்போவதில்லை. குடைகளும் பைகளும் மட்டும் கேட்கும்படி என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன், மைக்கும் அங்கேயே என்னுடன் இருக்கும். இந்த முடிவில் மாற்றமே இல்லை.

மாமிக்கு என் வணக்கம். உங்கள் மகளுக்கு என் அன்பு, கிளாஸில் அவளுக்கு வேறு நல்ல வாத்தியம் அமையட்டும். உங்கள் ஆசி எப்போதும் எனக்கு வேண்டும், கொஞ்சம் தள்ளி நின்று வழங்கினாலும் போதும்.

இப்படிக்கு, வென்றுவிட்ட
அக்கா மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மேலாளர் என் அறைக்கு ஓடி வந்தார். புது மைக் வந்த நாளிலிருந்து வண்டிகள் பாதி காலியாகப் போகின்றனவாம். பதினோரு வருடமாகப் பயணிகள் வார்த்தையைக் கேட்டதே இல்லையாம், கரகரப்பைத்தான் கேட்டிருக்கிறார்கள். நீளமாகக் கரகரத்தால் துறைமுக வண்டி, இரண்டு தடவை விட்டு விட்டுக் கரகரத்தால் மலை வண்டி. "இப்ப வார்த்தை நல்லா புரியுதாம் பாப்பா, வண்டிதான் புரியலையாம்" என்றார், அழாத குறையாக. பழைய மைக்கை எடுத்துக்கொண்டு அவருடன் மேலே அறிவிப்பு அறைக்கு ஓடினேன். அக்கா அதில் பேசிப் பார்த்தார். புது மைக்குக்காகத் தெளிவாகப் பேசப் பயிற்சி கொடுத்துவிட்டார்களாம், பழைய கரகரப்பு அவருக்கு வரவே இல்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கீழே நடைமேடையில் முந்நூறு பேர் நின்றிருந்தார்கள். துறைமுக வண்டிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்துப் பொத்தி நீளமாக ஒன்று வாசித்தேன்.